பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கசிவு கண்டுபிடிக்கிறவர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும்

முதலில் தெரிந்தது வாசனைதான். மழையில் நனைந்த கோணிச் சாக்கை மூலையில் போட்டு வைத்தால் ஒரு வாசனை வருமே, அது. அம்மா படுக்கிற அறையில் கதவைச் சாத்திவிட்டுக் காலையில் திறந்தால் முகத்தில் அடிக்கும். அப்புறம் ஒரு நாள் பீரோவைத் திறந்து பார்த்தால், கீழ்த்தட்டில் வைத்திருந்த அம்மாவின் இரண்டு பட்டுப் புடவைகளில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. பீரோவை நகர்த்தினோம். பின்பக்கத் தகடு அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் துருப் பிடித்திருந்தது. சுவரில் பெயிண்ட் அப்பளம் போல உப்பி, விரல் வைத்தாலே உதிர்ந்தது, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பொடி.

சென்னை நங்கநல்லூரில் ஃபிளாட். நாங்கள் இரண்டாவது மாடி, எங்களுக்கு மேலே இன்னொரு மாடி. கட்டி 11 வருஷம் ஆகிறது. சுவரின் அந்தப் பக்கம் எங்கள் பாத்ரூம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன சில வாரங்களில்தான் இதைக் கவனித்தோம், அதனால் மழைத் தண்ணீர்தான் இறங்கியிருக்கிறது என்று வீட்டில் எல்லோருமே முடிவு கட்டிவிட்டோம். பெயிண்டரும் அதையேதான் சொன்னார். சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தார், 6,500 ரூபாய். நாலு மாதத்தில் மறுபடி உப்பியது. அடுத்தவர் ஓதம் தாங்குகிற பெயிண்ட் என்று சொல்லி அடித்தார், 9,000. அதுவும் போச்சு. மூன்றாவது தடவை இரண்டு கோட் கெமிக்கல் போட்டு, அதற்கு மேல் பெயிண்ட், 11,000. அந்தத் தடவை உப்பல் வரவில்லை, ஆனால் கறை பக்கத்துச் சுவருக்கு நகர்ந்துவிட்டது. 26,500 ரூபாய் செலவழித்தும் அம்மாவின் கட்டிலை ஹாலுக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. இருமல் வேறு அவருக்கு. ஓதமும் பூஞ்சையும் இருக்கிற வீட்டில் மூச்சுத் தொல்லை, ஆஸ்துமா எல்லாம் அதிகமாகக் காணப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது, அதைப் படித்த பிறகு எனக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது.

நடுவில் இன்னொரு காரியமும் நடந்தது. மழை நின்ற பிறகும் ஈரம் போகவில்லையே என்று மேல் வீட்டைச் சந்தேகப்பட்டோம். அவர்கள் பாத்ரூம் எங்கள் பாத்ரூமுக்கு நேர் மேலே. பலமுறை போய்ச் சொன்னோம், கடைசியில் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். பாவம் அந்த அக்கா, 22,000 ரூபாய் செலவு பண்ணி டைல் இடுக்கெல்லாம் எபாக்சி வைத்து அடைத்தார், தரையில் தண்ணீர் வெளியேறுகிற நானி ட்ராப்பை மாற்றினார். எங்கள் சுவரில் ஒரு மாற்றமும் இல்லை.

இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகுதான், இந்த வருஷம் பிப்ரவரியில், உடைக்காமல் கசிவைக் கண்டுபிடிக்கிற சேவை ஒன்றைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டிய குறைகளும் இருப்பதால் பெயர் போடவில்லை, ஊரில் இப்போது இந்த வேலை செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கட்டணம் 4,500, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 5,310. வெறும் பார்த்துச் சொல்வதற்கா இவ்வளவு என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது.

10 மணிக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். போன் பண்ணியும் சரியான பதில் இல்லை. ஆனால் வந்த இரண்டு தம்பிகளும் வேலை தெரிந்தவர்கள், அதிலும் மூத்தவர் கருவியை வெளியே எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார். எந்த மாதத்தில் அதிகமாகத் தெரிகிறது, மேல் வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனபோது காய்ந்ததா, எந்தப் பாத்ரூமை யார் உபயோகிக்கிறார்கள், கீசர் எங்கே. இதில் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மே மாதம் கத்திரி வெயிலிலும் அந்தச் சுவர் ஈரமாகத்தான் இருந்தது. மேல் வீட்டுக்காரர்கள் பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனபோதும் அப்படியேதான் இருந்தது. "அப்ப மழையும் இல்லண்ணா, மேல் வீடும் இல்லண்ணா. எப்பவும் தண்ணி நிக்கிற லைன் எதுவோ அதுதான்" என்றார். நாங்கள் இதைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தால் அந்த அக்காவின் 22,000 மிஞ்சியிருக்கும்.

அப்புறம் தெர்மல் கேமரா. நான் நினைத்துக்கொண்டிருந்த மாதிரி அது சுவருக்குள்ளே ஊடுருவிப் பார்க்கிற சாதனம் இல்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சுவரின் மேற்பரப்பு எங்கே எவ்வளவு சூடு என்பதை மட்டும்தான் அது காட்டும். ஈரமான இடத்தில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான், அந்தக் குளிர்ச்சி திரையில் நீலமாகத் தெரிகிறது. அதனால்தான் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியையும் ஃபேனையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஏசி காற்று படுகிற சுவரும் நீலமாகத்தான் தெரியும், நிழல் விழுகிற மூலையும் நீலமாகத் தெரியும். படத்தை மட்டும் காட்டி "இதோ பாருங்க கசிவு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் சுவரில் நீலம் கறையைவிடப் பெரியதாக இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த கறை தரையிலிருந்து இரண்டடி உயரம். திரையில் நாக்கு நீட்டியது போல இடது பக்கமாக மூன்றரை அடி வரை ஏறியிருந்தது. பெயிண்ட் புத்தம் புதிதாகப் பளபளவென்று இருந்த இடம் அது.

அடுத்து ஈரம் அளக்கிற மீட்டர், முனையில் இரண்டு ஊசி உள்ளது. சுவரில் அழுத்தினால் இரண்டு ஊசிக்கும் நடுவில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து ஒரு எண் காட்டும். அந்த எண் மரத்துக்காக வகுத்தது, செங்கல் சுவரில் அதைச் சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, காய்ந்த சுவரோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார். முதலில் எதிர்ச் சுவரில் வைத்தார்: 7. பிறகு இந்தச் சுவரில் அடிக்கு ஒரு இடமாகப் பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணை எழுதிக்கொண்டே வந்தார். ஸ்கர்ட்டிங்கை (சுவரடியில் ஒட்டியிருக்கிற டைல் பட்டை) ஒட்டி 40க்கு மேல். மேலே போகப் போகக் குறைந்தது. மூன்றரை அடி உயரத்தில், அந்த நாக்கு முடிகிற இடத்தில், வெறும் 14.

இங்கேதான் அவருடைய கைத்தேர்ச்சியைப் பார்த்தேன். வேறு யாராவது இருந்தால் அடியில்தான் அதிகம், தரையிலிருந்து ஏறுகிறது என்று முடித்திருப்பார்கள். இவர் சொன்னார், "கீழ உப்பு பூத்துருக்குண்ணா, உப்பு இருந்தா காஞ்ச சுவர்லயும் மீட்டர் ஏறும்." உப்பு கரண்ட்டைக் கடத்துவதால் வருகிற பொய் எண் அது. பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டு, மூன்றரை அடி உயரத்தில், சின்ன டிரில்லால் ஊதுபத்தி நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டார். வெளியே வந்த தூளை உள்ளங்கையில் பிடித்துக் காட்டினார். முதலில் பெயிண்டும் பட்டியும் வெள்ளைத் தூளாக வந்தன. அதற்குப் பிறகு வந்த செங்கல் தூள் தூளாகவே இல்லை, பிசைந்த மாவு மாதிரி டிரில் பிட்டில் அப்பிக்கொண்டு, கருஞ்சிவப்பாக. ஓட்டைக்குள் நீளமான ஊசிகளை விட்டார். 46. மேலே 14, ஒரு இன்ச் உள்ளே 46! மூன்றாவது பெயிண்டர் போட்ட கெமிக்கல் கோட்டிங் ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே பூட்டி வைத்திருந்தது, அதனால்தான் அது பக்கத்துச் சுவருக்கு வழி தேடிப் போயிருக்கிறது. 11,000 ரூபாய் கொடுத்து நாங்கள் செய்துகொண்டது இதுதான்.

அதற்குப் பிறகு குழாய் சோதனை. பாத்ரூமில் குழாய்களையெல்லாம் அடைத்துவிட்டு, கைப்பம்பும் பிரஷர் காட்டுகிற முள்ளும் உள்ள ஒரு சாதனத்தை மாட்டினார்கள். பச்சைத் தண்ணீர் லைனில் 5 கிலோ பிரஷர் ஏற்றி அரை மணி நேரம் விட்டார்கள், முள் அசையவில்லை. பிறகு கீசர் ஹோஸைக் கழற்றி அங்கே மாட்டி, வெந்நீர் லைனிலும் அதே 5 கிலோ. நான் முள்ளையே பார்த்துக்கொண்டு பக்கெட் மேல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு கோடு இறங்கியது. இருபது நிமிஷத்தில் மூன்றரைக்கு வந்துவிட்டது. அந்த நிமிஷம் மேல் வீட்டு அக்காவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

கடைசியாகச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கீசரை முழுச் சூட்டில் போட்டு, வெந்நீரை மெல்லியதாகத் திறந்துவிட்டு, பெட்ரூம் பக்கம் கேமராவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாலரை இன்ச் சுவர், குழாய் பாத்ரூம் பக்கம் புதைந்திருக்கிறது, இந்தப் பக்கம் சூடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் செங்குத்துக் கோடாக ஒரு மங்கலான ஆரஞ்சு, அது குழாய். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோட்டின் ஒரு இடத்தில் மட்டும் வீங்கி, உள்ளங்கை அளவுக்குப் பரவியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டு வருஷமா இங்கதான் இருந்தியா" என்று சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் எங்கள் வழக்கமான பிளம்பரை வைத்து அந்த இடத்தில் மட்டும் பாத்ரூம் பக்கம் உடைத்தோம். நாலு டைல், அவ்வளவுதான். வெந்நீர்க் குழாய் மிக்சர் குழாய்க்குத் திரும்புகிற எல்போவின், அதாவது வளைவு மூட்டின், கழுத்தில் தலைமுடி போல ஒரு கீறல். டார்ச் அடித்துப் பார்த்தோம். கீறலில் ஈரம் மினுங்கும், மெதுவாகத் திரண்டு ஒரு சொட்டாகத் தொங்கும், பிறகு விழும். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு வினாடிக்கு ஒரு சொட்டு. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் வருகிறது. ஆனால் அது மழையும் வெயிலும் பார்க்காமல் தினமும் அரை லிட்டர், அதுவும் வெளியே வர வழியில்லாத ஒரு சுவருக்குள்! செங்கல் குடித்து, கலவை வழியாகக் கீழே இறங்கி, தரைக்கு அடியில் தேங்கி, ஸ்கர்ட்டிங் வழியாக வெளியே வந்திருக்கிறது. கறை தெரிந்த இடத்துக்கும் கீறல் இருந்த இடத்துக்கும் மூன்றரை அடி தூரம். எல்போ, டைல், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாயில் முடிந்தது.

சரி, குறைகள். தாமதத்தைச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே அலுவலகத்திலிருந்து போன்: பாத்ரூம் முழுக்க உடைத்து வாட்டர் புரூஃபிங் செய்துகொள்ளுங்கள், 68,000 ஆகும், இன்றைக்குச் சொன்னால் தள்ளுபடி. காலையில் வந்த தம்பி "எல்போ ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், சாயங்காலம் இவர்கள் முழுப் பாத்ரூமுக்கு விலை சொல்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடாக இருந்தால் பயந்துபோய்ச் சரி சொல்லிவிடுவார்கள். ரிப்போர்ட் மூன்று நாள் கழித்து பிடிஎஃப் ஆக வந்தது, ஏழு பக்கம், அதில் நாலு பக்கம் எல்லோருக்கும் அனுப்புகிற பொதுவான ஆங்கிலம். சுவரில் பென்சிலால் எழுதிய எண்கள் ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை. நல்லவேளையாக நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். கூப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். முன்பதிவு செய்யும்போதே கேமரா மட்டும் கொண்டுவருவார்களா, மீட்டரும் பிரஷர் சோதனையும் உண்டா என்று கேளுங்கள். கேமரா மட்டும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கண்டுபிடிக்கிற வேலைக்கும் சரி செய்கிற வேலைக்கும் தனித்தனி ஆள் வைப்பதுதான் என் கணக்கில் நல்லது.

எல்லாருக்கும் இந்தச் சேவை தேவைப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரைத் தளத்து வீட்டில் சுவர் நெடுகத் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை ஒரே மட்டத்தில் கறை நின்றால் அது மண்ணிலிருந்து ஏறுகிற ஓதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மொட்டை மாடிக்குக் கீழே சீலிங்கில் மழைக்கு மட்டும் ஈரம் தெரிந்து, கோடையில் காய்ந்துவிட்டால் தட்டோடு இடுக்கையும் பைப் இறங்குகிற மூலையையும் முதலில் பாருங்கள், பாத்ரூம் பக்கமே போக வேண்டாம். சீலிங் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால் மட்டும் தாமதிக்காதீர்கள். கம்பியில் பிடிக்கிற துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துத்தான் கான்கிரீட்டைப் பிளக்கிறது, அதற்குக் கட்டட இன்ஜினியர்தான் வர வேண்டும்.

சுவர் சந்தேகமாக இருந்தால் காசில்லாமல் நாமே பார்க்கக்கூடியதும் உண்டு. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள், பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள், காரை விட்டுப்போன இடத்தில் சத்தம் டொக்கென்று பொள்ளலாக மாறும். சமையலறை அலுமினியத் தாளை ஒரு அடிச் சதுரத்துக்கு வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டுப் பிரித்தால், சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அறையைப் பார்த்த பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம். குழாயெல்லாம் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரை ராத்திரியும் காலையும் படம் எடுத்து ஒப்பிடலாம், ஆனால் எங்களுடையது போன்ற சொட்டுக் கசிவை அது காட்டாமல் போகவும் கூடும். ஈரச் சுவரில் பிளக் பாயின்ட் இருந்தால் இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் அந்த லைனின் மெயினை அணைத்துவிடுங்கள், எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை தொடாதீர்கள்.

புது ஃபிளாட் வாங்கியவர்களுக்கு ஒன்று. 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் பிரிவு 14(3)ன்படி வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ தெரிந்து சொன்னால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரி செய்துகொடுக்க வேண்டும். சுவருக்குள் எல்போ விட்டுப்போவது போன்றவற்றை இதில் கேட்கலாம். பெயிண்ட் அடித்து மறைக்காமல் தேதியோடு படம் எடுத்து எழுத்தில் அனுப்புங்கள். எங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது.

மொத்தத்தில் 5க்கு 4 தருவேன். அந்த ஒரு மதிப்பெண்ணை அந்தச் சாயங்கால போனுக்காகக் குறைக்கிறேன். வந்த தம்பிகளுக்கு மட்டும் தர வேண்டும் என்றால் முழுசாகத் தருவேன்.

இப்போது சுவரில் நாலடி உயரத்துக்குக் காரையைக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய அப்படியே விட்டிருக்கிறோம். நானும் 1,400 ரூபாய்க்கு ஊசி மீட்டர் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே இடத்தில் வைத்துப் பார்த்து நாட்காட்டியில் எழுதுகிறேன். 46ல் ஆரம்பித்தது மூன்றாவது வாரம் 33, ஆறாவது வாரம் 19, போன ஞாயிறு 12. எதிர்ச் சுவர் மாதிரி 7க்கு வரும் வரை பூச வேண்டாம் என்று அந்தத் தம்பி சொன்னார், காத்திருக்கிறோம். மேல் வீட்டு அக்காவிடம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் செலவில் பாதியாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று 11,000 ரூபாயைக் கவரில் வைத்து நீட்டினேன். வாங்க மாட்டேன் என்று ரொம்ப நேரம் மறுத்தார், அம்மா அவர் கையைப் பிடித்துத் திணித்துவிட்டு வந்தார். வாசனை போய்விட்டது. அம்மா போன வாரத்திலிருந்து அந்த அறையில்தான் படுக்கிறார், கட்டில் மட்டும் இன்னும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்கிறது.